ஓர் எழுத்தின் அகலம் எவ்வளவு?

நிரல் எழுதும் எடிட்டரில் ஒரு வரியின் நடுவே மவுசால் கிளிக் செய்தால் கர்சர் சரியாக இரண்டு எழுத்துகளுக்கு இடையே போய் நிற்கிறது. அது எப்படி இடத்தைக் கண்டுபிடிக்கிறது? வெறும் வகுத்தல் கணக்குதான்! ஓர் எழுத்தின் அகலம் 8 பிக்சல் என்றால், 80-வது பிக்சல் என்பது 10 எழுத்துகள் தாண்டிய இடம். ஆனால் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

இந்த 'ஒரே அகலம்' தட்டச்சுப் பொறி தந்த சொத்து. 1874-ல் விற்பனைக்கு வந்த ரெமிங்டன் பொறியில், எந்த விசையை அழுத்தினாலும் காகிதம் தாங்கிய வண்டி ஒரே அளவுதான் நகரும். ஒல்லியான ஆங்கில 'ஐ'க்கும் பருத்த 'எம்'முக்கும் ஒரே இடம். பிற்காலப் பொறிகளில் ஓர் அங்குலத்துக்கு 10 அல்லது 12 எழுத்துகள் என்பது வழக்கமானது. 1928-ல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள். 1978-ல் வந்த விடி100 முனையத்தின் திரையிலும் ஒரு வரிக்கு அதே 80!

1940-களில் ஐபிஎம் இதை மாற்றிப் பார்த்தது. அதன் எக்சிகியூட்டிவ் பொறியில் எழுத்துக்கு ஏற்ப 2 முதல் 5 அலகு வரை வண்டி நகர்ந்தது. பக்கம் அச்சடித்த புத்தகம் போல அழகாக இருந்தது. ஆனால் ஒரு பிழையைத் திருத்த வேண்டுமென்றால், அந்த எழுத்து எத்தனை அலகு என்று தெரிந்து அத்தனை அலகு பின்னால் போக வேண்டும். இன்று எடிட்டர் செய்யும் அளவெடுப்பை அன்று தட்டச்சு செய்பவர் மனக்கணக்காகப் போட்டார்.

கணினி ஜப்பானுக்குப் போனபோது அடுத்த சிக்கல். காஞ்சி எழுத்து ஒரு கட்டத்துக்குள் அடங்காததால் அதற்கு இரண்டு கட்டம் ஒதுக்கினார்கள். பின்னர் மார்க்கஸ் குன் எழுதிய 'டபிள்யூசிவிட்த்' என்ற சிறு நிரல், யூனிகோடு குறிகளுக்கு 0, 1, 2 என்று அகலம் சொன்னது. பலரும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

தமிழ் அங்கேதான் மாட்டிக்கொண்டது. 'தமிழ்' என்பதில் நமக்கு 3 எழுத்து, யூனிகோடுக்கு 5 குறி, அந்த நிரலுக்கோ 4 கட்டம்! அதன் கணக்கில் 'கி'க்கு 2 கட்டம், 'கீ'க்கு 1 கட்டம். காரணம், யூனிகோடு இந்த இரண்டு துணைக்குறிகளையும் வெவ்வேறு வகையில் சேர்த்திருப்பதுதான். விளைவு, கர்சர் ஓரிடத்தில் நிற்கும், எழுத்து வேறிடத்தில் விழும்.

இத்தனைக்கும் தமிழ்த் தட்டச்சுப் பொறி இதைப் பழைய காலத்திலேயே தீர்த்துவிட்டது. புள்ளி விசையை அழுத்தினால் வண்டி நகராது. அடுத்து அடிக்கும் எழுத்தின் தலையில் புள்ளி உட்காரும்.

அதனால் இன்றைய நல்ல எடிட்டர்கள் இரண்டு வழி வைத்திருக்கின்றன. வரி முழுவதும் சாதாரண ஆங்கில எழுத்து என்றால் பெருக்கல் கணக்கு. இல்லையென்றால் வரியை வரைந்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தும் எங்கே விழுந்தது என்று உலாவியையே கேட்பது. இது கொஞ்சம் மெதுவான வழிதான். ஆனால் தமிழில் ஒரு குறிப்புரை எழுதுபவருக்கு, தான் நினைத்த இடத்தில் திருத்த முடிவது அந்த வழியால்தான்.