விதைநெல் விவர அட்டை

விதைநெல் விவர அட்டை என்பது விதை மூட்டையின் வாயில் வைத்துத் தைக்கப்படும் அச்சிட்ட அட்டையாகும். இரகத்தின் பெயர், குவியல் எண், நிகர எடை, முளைப்புத்திறன், புறத்தூய்மை, சோதனை நாள், காலாவதி நாள், உற்பத்தியாளரின் முகவரி முதலியன இதில் இடம்பெறும். காவிரிப் படுகையின் சிறு விதை உற்பத்தியாளர்களும் மரபு நெல் சேகரிப்பவர்களும் இதனை விரிதாளிலிருந்து மொத்தமாக அச்சிட்டுக்கொள்ளலாம்.

தேவை

உமி மூடிய நெல்மணியைக் கொண்டு இரகத்தை உறுதியாகக் கூறுவது பழகிய உழவர்களுக்கும் கடினம். 1922இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆடுதுறை 36 ஏறத்தாழ 110 நாட்களில் விளையும். பொன்மணி எனப்படும் சி.ஆர். 1009 விளைய 155 நாட்களுக்கு மேலாகும். குறுவைக்கு வாங்கிய மூட்டையில் அட்டை மாறிப் பொன்மணி இருந்தால், உரிய காலத்தில் கதிர் வராதபோதுதான் பிழை தெரியவரும். அதற்குள் நாற்றும் நடவுக் கூலியும் செலவாகி, தாளடிப் பட்டமும் தவறிவிடும்.

மரபு நெல்லில் இச்சிக்கல் பெரிது. பெயர்கள் பல, பொட்டலங்கள் சிறியவை. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் (இறப்பு: 2018) 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவில் உழவருக்கு 2 கிலோ விதை வழங்கி, மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெறும் முறை இருந்தது. அவர் மீட்ட இரகங்கள் 150க்கும் மேற்பட்டவை. இத்தகைய சுழற்சியில் ஒருமுறை மாறிய பெயர் ஆண்டுதோறும் பெருகிச் செல்லும்.

சட்டநிலை

1966ஆம் ஆண்டின் விதைகள் சட்டப்படி, அறிவிக்கை செய்யப்பட்ட இரகங்களை விற்போர் விவர அட்டை இணைக்க வேண்டும். ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம் ஆகிய நிறச் சான்றட்டைகளைச் சான்றளிப்புத் துறையே வழங்கும். அவற்றை வீட்டில் அச்சிட இயலாது. உண்மைநிலை விதைக்கான இளம்பச்சை அட்டையே உற்பத்தியாளர் பொறுப்பிலானது. சான்று நெல் விதைக்குக் குறைந்தது 80% முளைப்புத்திறனும் 98% புறத்தூய்மையும் வேண்டும். ஈரப்பதம் 13%க்கு மிகக் கூடாது.

அட்டையின் அளவு 15 × 10 செ.மீ. அல்லது அதற்கு ஒத்த விகிதம். முழு அளவில் நான்கு அட்டைகளை இரண்டிரண்டாக அடுக்க 30 செ.மீ. நீளம் வேண்டும், ஏ4 தாளோ 29.7 செ.மீ. மூன்று மில்லிமீட்டர் பற்றாக்குறையால் சற்றே சுருக்கி அச்சிட நேர்கிறது.

தன் நிலத்தில் விளைந்த விதையைத் தன் இடத்திலேயே நேரடியாக விதைப்புக்கு விற்கும் உழவருக்கு இச்சட்டத்தின் 24ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஆயினும் 2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, பதிவுபெற்றுப் பாதுகாக்கப்பட்ட இரகத்தின் பெயரை அட்டையில் இட்டுப் பையிலடைத்து விற்பது உழவருக்கு அனுமதிக்கப்பட்டதன்று. அதே விதையை அப்பெயரிட்ட அட்டையின்றி விற்கலாம். எனவே அச்சிடுமுன் இரகத்தின் பதிவுநிலையை அறிதல் வேண்டும்.

அச்சிடும் முறையும் பிழைகளும்

விரிதாளில் ஒரு குவியலுக்கு ஒரு வரிசை வீதம் விவரங்களை இட்டு, வேர்டு அல்லது லிபர்ஆபிஸ் ரைட்டரின் மெயில் மெர்ஜ் வசதியால் அட்டை வார்ப்புருவுடன் இணைப்பர். மிகக் கேடான பிழை, இரகப் பெயர் உள்ள நெடுவரிசையை மட்டும் தனியே அகரவரிசைப்படுத்துவது. அட்டைகள் அழகாகவே அச்சாகும், ஆனால் எல்லாம் தவறாக இருக்கும். வேர்டில் அடுத்த பதிவுக்குச் செல்லும் கட்டளை விடுபட்டால் பக்கம் முழுதும் ஒரே குவியல் எண் வரும். 007 என்பது 7 ஆவதும், 10-12 என்னும் குவியல் எண் தேதியாவதும், 80% என்பது 0.8 ஆவதும், நாளும் மாதமும் இடம்மாறுவதும் அடிக்கடி நிகழ்பவை. நெடுவரிசையை முன்கூட்டியே உரைவடிவாக அமைத்தால் இவற்றைப் பெரிதும் தவிர்க்கலாம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பெயர்கள் வேறெழுத்துருவில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே இணைக்க வேண்டும். தமிழ் எழுத்துருவாக்கம் இல்லாத சிட்டை அச்சுப்பொறிகளில் கொம்பு மெய்யின் வலப்புறம் விழும். அவற்றிற்கு அட்டையைப் படமாக்கி அனுப்புவது எளிய வழி.

இங்க்ஜெட் மை ஈரத்தில் கரையக்கூடியது. லேசர் அச்சே ஏற்றது. அட்டையின் படி ஒன்றை மூட்டைக்குள்ளும் இடுவது நல்லது. மருந்திட்ட விதையாயின் மருந்தின் பெயரும், உணவுக்கோ தீவனத்துக்கோ பயன்படுத்தலாகாது என்ற எச்சரிக்கையும் கட்டாயம்.