அன்னா ஓ. சொன்ன கதையும் அவரைப் பற்றி எழுதப்பட்ட கதையும்

உளப்பகுப்பாய்வின் வரலாற்றைப் பிராய்டிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆயினும் அம்முறையின் தோற்றுவாயாகக் கருதப்படும் சிகிச்சைக்குப் பெயரிட்டவர் மருத்துவர் அல்லர்; வியன்னாவைச் சேர்ந்த 21 வயது நோயாளிப் பெண்.

1880இல் தந்தையின் நோய்ப்படுக்கையருகே இரவுகளைக் கழித்த அவருக்கு இருமல், கைகால் செயலிழப்பு, பார்வைக் கோளாறு ஆகியன தோன்றின. மருத்துவர் யோசப் பிராயரிடம் அவர் மாலைதோறும் கதை சொன்னார். நோயாளியின் அருகே கவலையோடு அமர்ந்திருக்கும் பெண்ணே அவற்றில் அடிக்கடி வந்தாள். சொல்லி முடித்தபின் மனம் அமைதியுற்றது. நாளடைவில் கற்பனைக் கதை, வாழ்க்கை வரலாறாக மாறியது. ஒவ்வோர் அறிகுறியும் முதன்முதலில் தோன்றிய தருணத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்று சொல்லலானார். தாய்மொழியான ஜெர்மன் நாவிற்கு எட்டாதிருந்த அக்காலத்தில், ஆங்கிலத்திலேயே இதற்கு 'டாக்கிங் க்யூர்' என்று பெயரிட்டார். வேடிக்கையாகப் 'புகைபோக்கி துடைத்தல்' என்றும் அழைத்தார்.

பிராயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூலில் அவர் 'அன்னா ஓ.' ஆனார். தம் நோயாளி வரலாறுகள் சிறுகதைகளைப் போல வாசிக்கப்படுவதைப் பிராய்டு அதே நூலில் வியப்போடு குறிப்பிடுகிறார். சிறுகதைக்கு முடிவு வேண்டும். சமநிலை திரும்ப நீண்ட காலம் ஆயிற்று, பின்னர் முழுநலம் பெற்றார் என்று பிராயர் முடித்தார். 1972இல் வரலாற்றாசிரியர் ஹென்றி எல்லன்பெர்கர் வெளியிட்ட ஆவணங்களோ, 1882 ஜூலையில் அவர் சுவிட்சர்லாந்தின் கிராய்ட்ஸ்லிங்கன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதைக் காட்டின. முகநரம்பு வலியும் மார்பின் பழக்கமும் அப்போதும் நீடித்தன. நூலில் இவை இடம்பெறவில்லை.

அவருடைய உண்மைப் பெயர் பெர்தா பாப்பன்ஹைம். 1953இல் எர்னஸ்ட் ஜோன்ஸ் அதை வெளிப்படுத்தும்போது அவர் இறந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிற்காலத்தில் அவர் கதைகள் எழுதினார். 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் கூட்டமைப்பை நிறுவினார். ஹாமெல்னைச் சேர்ந்த கிளிக்கல் என்னும் யூதப் பெண்ணின் தன்வரலாற்றை ஜெர்மனில் பெயர்த்தார். தம் சிகிச்சையைப் பற்றி மட்டும் எதையும் வெளியிடவில்லை.

சொல்வதால் துயர் தணிகிறது என்பதைப் பொய்யென இந்த ஆவணங்கள் நிறுவவில்லை. ஆனால், நோயாளி சொன்ன கதையும் மருத்துவர் எழுதிய கதையும் வெவ்வேறு என்பதை அவை உணர்த்துகின்றன. நோயாளி வரலாற்றைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், எழுதியவர் அதை எந்த இடத்தில் நிறுத்தினார், ஏன் அங்கே நிறுத்தினார் என்பதையும் கேட்டாக வேண்டும்.