மோடத்துக்குப் போக வேண்டிய போன்

1991 ஜனவரி. ஹெல்சின்கி. லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது கல்லூரி மாணவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். 386 பிராசஸர், 4 எம்பி மெமரி, 40 எம்பி ஹார்ட் டிஸ்க். ஆமாம், எம்பிதான். இன்றைய செல்போன் போட்டோக்கள் பதினைந்தைப் போட்டால் நிரம்பி வழிந்துவிடும். முழுப் பணமும் கையில் இல்லாததால் தவணைக்கு எடுத்தார்.

வீட்டிலிருந்தே மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரைப் பிடிக்க வேண்டும் என்பது ஆசை. ஃப்ளாப்பிகளில் வாங்கிப் போட்ட மினிக்ஸில் அதற்கு இருந்த வசதி அவருக்குத் திருப்தியாக இல்லை. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டார். இணைப்பு கிடைத்தது. வந்த ஃபைலைச் சேமிக்க வேண்டாமா? டிஸ்க்குக்கு ஒரு டிரைவர் எழுதினார். இப்படி ஒன்று தொட்டு ஒன்றாக வளர்ந்ததுதான் லினக்ஸ்.

ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ்காரர்களுக்கு விஷயத்தைச் சொன்னார். தன்னிடம் இருக்கிற ரக ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறெதிலும் இது ஓடாமலே போகலாம் என்று அதிலேயே ஒப்புக்கொண்டார். செப்டம்பரில் வெளியான 0.01 வெர்ஷனுக்கு ஃபின்லாந்து கீபோர்டு வேண்டும். அமெரிக்கக் கீபோர்டு? பழகிக்கொள்ள வேண்டியதுதான்!

அப்புறம்தான் அந்தக் கூத்து. யூனிக்ஸ் வழி வந்த சிஸ்டங்களில் மோடம், டிஸ்க் எல்லாமே ஒரு ஃபைல் போலத்தான் தெரியும். ஒரு நாள் டயல் செய்யும்போது பெயர் மாறிப்போய், மோடத்துக்குப் போக வேண்டிய போன் நம்பரை ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி காலி. மறுபடி மினிக்ஸ் போடாமல், இனி லினக்ஸே போதும் என்று முடிவெடுத்தார்.

யாரிடம் எந்தக் கருவி இருக்கிறதோ அவர் அதற்கு டிரைவர் எழுதிக் கொடுப்பார். லினக்ஸ் வளர்ந்த விதம் அது. ஆனால் எழுத, கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். பல கம்பெனிகள் அதைச் சொல்லவில்லை.

2003-ல் நான் மாட்டிக்கொண்டதும் இங்கேதான். லினக்ஸ் சிடி போட்டேன். திரை வந்தது, மவுஸ் நகர்ந்தது, பாட்டுகூடக் கேட்டது. இன்டர்நெட்? ம்ஹூம். உள்ளே இருந்தது வின்மோடம். தொண்ணூறுகளின் பின்பாதியில் பரவிய சரக்கு. மோடத்தில் இருக்க வேண்டிய சிப்புகளைக் கழற்றிவிட்டு, அந்த வேலையை விண்டோஸ் டிரைவர் மூலம் கம்ப்யூட்டரின் பிராசஸர் தலையில் கட்டிவிட்டார்கள். காஸ்ட் அக்கவுன்டிங் படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் புரிகிறது. விலை குறைந்தது உண்மை. ஆனால் விண்டோஸ் இல்லாத இடத்தில் அது வெறும் தகரம். காசு கொடுத்து வாங்கியது நான். அது எப்படி ஓடுகிறது என்பது மட்டும் எனக்குச் சொல்லக்கூடாத ரகசியம்!

டிரைவர் எழுதச் சில தன்னார்வலர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். அதை டவுன்லோட் செய்ய இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டின கதை. பிரௌசிங் சென்டருக்கும் வீட்டுக்குமாக ஃப்ளாப்பியோடு அலைந்தேன். பலிக்கவில்லை.

(வைஃபை வந்தபோதும் இதே பாடுதான். வைஃபை சிப் செய்யும் பிராட்காம் 2010 செப்டம்பரில்தான் மனமிறங்கி, சில புது சிப்புகளுக்கு ஓப்பன் சோர்ஸ் டிரைவர் கொடுத்தது.)

கடைசியில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகும் பழைய ரக மோடம் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். அதற்குத் தனி டிரைவரே வேண்டாம். ஆனாலும் சத்தமே இல்லை. இரண்டு ராத்திரி போனது. விண்டோஸ் 'காம் 1' என்று சொல்லும் போர்ட்டை லினக்ஸ் பூஜ்யத்திலிருந்து எண்ணுமாம். நான் ஒன்றையே கொடுத்துக்கொண்டிருந்தேன். பூஜ்யம் என்று மாற்றியதும் கீச்சென்று கத்தியது பாருங்கள், வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.