மிதிவண்டிப் பாதைகளின் சந்திப்பு எண் முறை

சந்திப்பு எண் முறை என்பது மிதிவண்டிப் பாதைகள் கூடும் இடங்களுக்கு எண் கொடுத்து வழிகாட்டும் முறையாகும். இது பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் தோன்றியது.

நிலக்கரிச் சுரங்கங்களை நம்பியிருந்த இம்மாகாணத்தில் கடைசிச் சுரங்கம் 1992-இல் மூடப்பட்டது. வேலைகளை இழந்த பகுதி சுற்றுலாவை நாடியது. சுரங்கப் பொறியாளராக இருந்த ஹியூகோ போலன், நிலத்தடிப் பாதைகளின் சந்திப்புகளுக்கு எண் இடும் வழக்கத்தை மிதிவண்டிப் பாதைகளுக்குக் கொண்டுவந்தார். 1995-இல் இவ்வலையமைப்பு பயன்பாட்டுக்கு வந்தது.

அதற்கு முன் பெரும்பாலான சுற்றுலாப் பாதைகள் ஒரே வட்டமாக அமைந்தவை. தொடங்கியவர் வட்டத்தை முடித்தே திரும்ப வேண்டும். புதிய முறையில் பயணி தம் பலத்துக்கேற்பச் சில எண்களைக் குறித்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு சந்திப்பிலும் அவ்விடத்தின் எண்ணும், அடுத்துள்ள சந்திப்புகளின் எண்களும், அம்புக்குறிகளும் இருக்கும். களைத்தவர் நடுவழியிலேயே வேறு எண்ணைப் பிடித்து வீடு திரும்பலாம்.

பலகையில் பெரும்பாலும் இரண்டு இலக்கங்களே இருப்பதால், ஓட்டத்தை நிறுத்தாமல் படிக்கலாம். பெரும்பாலும் 99-க்குள் அடங்க அதே எண்கள் வேறு பகுதிகளில் மீண்டும் வரும், அருகருகே வருவதில்லை. சந்திப்புகளுக்கு இடையே பாதை திரும்பும் இடங்களிலும் பலகை தேவை. ஒன்று விழுந்தாலும் புதியவர் வழி தவறுவார். எனவே தொடர் பராமரிப்பே இம்முறையின் உயிர்நாடி.

எண்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. இம்முறை பின்னர் நெதர்லாந்திலும் ஜெர்மனியின் சில பகுதிகளிலும் பரவியது.