அடுப்பிலிருந்து ஐஸ்கிரீம்

பிரிட்டனில் கிறிஸ்துமஸ் விருந்து புட்டிங்குடன் முடிவது மரபு. உலர்பழங்களும் கொழுப்பும் சேர்த்துப் பல வாரங்களுக்கு முன்பே கிளறி, மணிக்கணக்கில் ஆவியில் அவித்து வைக்க வேண்டிய பண்டம் அது. அவ்வளவு பாடுபட இயலாத குடும்பத்தினர், உறவினரை வியப்பில் ஆழ்த்த விரும்பினால், அதற்கேற்ற எளிய இனிப்பு ஒன்று உண்டு. ‘பேக்டு அலாஸ்கா’ என்பது அதன் பெயர். சூடான ஓவனிலிருந்து உருகாமல் வெளிவரும் ஐஸ்கிரீம் இது!

செய்முறை கடினமன்று. ஸ்பாஞ்சு கேக் துண்டின் மீது நன்கு உறைந்த ஐஸ்கிரீமை வைக்க வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையுடன் நுரை பொங்க அடித்து, அதன் மேல் கனமாகப் பூச வேண்டும். பிறகு ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் சூட்டில் மூன்று, நான்கு நிமிடங்கள் வைத்தால் போதும். நுரையின் மேற்புறம் பொன்னிறமாகும். உள்ளே ஐஸ்கிரீம் அப்படியே இருக்கும். (இக்குறுகிய நேரத்தில் வெள்ளைக்கரு முழுதும் வேகாது. எனவே குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் கொடுப்பதாயின், கொதிக்கும் சர்க்கரைப் பாகை ஊற்றி அடிப்பது நல்லது.)

ஐஸ்கிரீம் ஏன் உருகவில்லை? இதற்கான விடையை 1792-ஆம் ஆண்டிலேயே காணலாம். அமெரிக்காவில் பிறந்த பெஞ்சமின் தாம்சன் என்ற ரம்ஃபோர்டு பிரபு, குளிருக்கு அணியும் உடைகளைப் பற்றி அப்போது ஆராய்ந்தார். வெப்பமானியைச் சுற்றிக் கம்பளி, பஞ்சு, பட்டு, பறவையின் மென்தூவி ஆகியவற்றை மாறி மாறி அடைத்து, அது குளிர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். வெப்பத்தைத் தடுப்பதில் முதன்மையான பங்கு இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றுக்கே உரியது என்பது அவர் கண்ட முடிவு. காற்றின் வெப்பம் கடத்தும் திறன், நீரின் திறனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அடித்த வெள்ளைக்கருவோ காற்றுக்குமிழிகளின் கூட்டம். கேக்கும் அவ்வாறே. ஆகவே ஐஸ்கிரீம் ஒரு கம்பளிப் போர்வைக்குள் இருக்கிறது என்றே சொல்லலாம்.

நியூயார்க்கின் டெல்மோனிகோ உணவகத்தின் தலைமைச் சமையற்காரர் சார்லஸ் ரான்ஹோஃபர், 1894-இல் வெளியிட்ட நூலில் இவ்வகை இனிப்பை ‘அலாஸ்கா, ஃபுளோரிடா’ என்று குறித்தார். குளிருக்கு அலாஸ்கா, வெப்பத்துக்கு ஃபுளோரிடா!

ரம்ஃபோர்டு 1799-இல் இலண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் தோன்ற முன்னின்று உழைத்தவர். அதே அரங்கில் 1969-இல் ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலறிஞர் நிக்கலஸ் குர்ட்டி, சமையலறையில் இயற்பியலாளர் என்ற பொருளில் உரையாற்றினார். மிகத் தாழ்ந்த வெப்பநிலைகளை ஆராய்ந்து புகழ்பெற்றவர் அவர். பனிக்கட்டி நுண்ணலைகளை மிகக் குறைவாகவே உறிஞ்சும். நீர்மங்கள் மிகுதியாக உறிஞ்சும். இவ்வேறுபாட்டைக் கொண்டு, நுண்ணலை அடுப்பில் வெளியே குளிர்ந்தும் உள்ளே சூடாகவும் உள்ள பண்டம் ஒன்றை அவர் உருவாக்கிக் காட்டினார். அலாஸ்கா தலைகீழாயிற்று!

குர்ட்டிக்கு ஒரு வருத்தம் இருந்தது. வெள்ளிக் கோளின் வளிமண்டல வெப்பநிலையை அளக்கும் நாம், நம் அடுப்பில் வேகும் பண்டத்தினுள் நிகழ்வதை அறியவில்லையே என்பதுதான் அது. சமையலறையை ஆய்வுக்குரிய இடமாக அறிஞர்கள் எண்ணாததே அதற்குக் காரணம். ஆனால் அங்கு வேலை செய்தவர்கள் கவனிக்கத் தவறவில்லை. பூச்சில் சிறு இடைவெளி இருந்தாலும் அவ்வழியே ஐஸ்கிரீம் ஒழுகிவிடும் என்பது இதைச் செய்து பழகிய எவருக்கும் தெரியும். ‘இடைவெளியின்றிப் பூசுக’ என்ற சமையல் குறிப்பும், ரம்ஃபோர்டின் ஆய்வு முடிவும் சொல்வது ஒன்றே.