பாய்காட்: புனே அறிந்த இரு பொருள்

‘பாய்காட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பிறந்த ஆண்டு ஐயமின்றித் தெரியும்: 1880. அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஏர்ன் பிரபுவின் நிலங்களை மேற்பார்த்துவந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். குத்தகைத் தகராறில் குடியானவர்களை வெளியேற்ற முனைந்த அவரை ஊரார் அடிக்கவில்லை. அறுவடைக்கு ஆள் செல்லவில்லை, கடைக்காரர் பொருள் கொடுக்கவில்லை, அவ்வளவே. இதற்கு வழங்கிய கிரேக்க வழிச் சொல் குடியானவர்க்கு விளங்காது என்று கருதிய ஓமாலி பாதிரியார், அவர் பெயரையே வினைச்சொல்லாக்கினார் என்பர். பிரெஞ்சும் ஜெர்மனும் விரைவிலேயே இச்சொல்லைக் கடன்கொண்டன.

சொல்தான் புதிது. செயலைப் புனே நெடுங்காலமாக அறிந்திருந்தது. அதற்கு மராத்தியில் ‘பஹிஷ்கார்’ என்று பெயர். 1890 அக்டோபரில் புனேயின் பஞ்ச் ஹவுத் மிஷனில் கிறித்தவர் அளித்த தேநீரையும் பிஸ்கட்டையும் ஏற்றதாக ரானடே, திலகர் உள்ளிட்டோர் மீது வைதிகர் குற்றஞ்சாட்டினர். விவகாரம் சங்கராச்சாரியார் அமைத்த விசாரணைவரை சென்றது. ரானடே பிராயச்சித்தம் செய்துகொள்ள நேர்ந்தது. ஒரு கோப்பைத் தேநீருக்கு!

பதினைந்தாண்டுகள் கழித்து, வங்கப் பிரிவினையை ஒட்டி, அதே சொல்லைத் திலகர் ஆயுதமாக ஏந்தினார். 1905 அக்டோபரில் புனேயில் அந்நியத் துணிகள் எரிக்கப்பட்டன. அதில் முன்னின்ற பெர்குசன் கல்லூரி மாணவர் சாவர்க்கருக்குப் பத்து ரூபாய் அபராதம். இங்குதான் கோகலேயின் தயக்கம் கவனத்திற்குரியது. அவ்வாண்டு டிசம்பரில் காசி காங்கிரசில் தலைமையுரை ஆற்றிய அவர், வங்காளம் இவ்வழியை மேற்கொண்டது நியாயமே என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இச்சொல் பிறர்க்குத் தீங்கு செய்யும் பழியுணர்வையே முதலில் நினைவூட்டுகிறது என்று எச்சரித்தார். இதனை மிதவாதியின் அச்சம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. சாதி விலக்கு எத்தகையது என்று கண்ட ஊரில் வாழ்ந்தவர் அவர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அச்சொல்லின் மறுபக்கத்தை முழுமையாக வெளிக்கொணர்ந்தவர் அம்பேத்கர். 1927இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் ‘பஹிஷ்கிருத பாரத்’, அதாவது விலக்கப்பட்டோரின் பாரதம். விலக்குவோரின் வினையை விலக்கப்பட்டோரின் பெயராக மாற்றியது அத்தலைப்பு. உரிமை கேட்கும் தலித்துகளுக்கு வேலையும் கடையும் வழியும் மறுக்கும் சமூக விலக்கைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று வட்டமேசை மாநாட்டில் அவர் கோரினார். அதற்கு அவர் எடுத்தாண்ட முன்மாதிரி, 1922ஆம் ஆண்டின் பர்மா பாய்காட் தடைச் சட்டம். காலனிய அரசு தன் நலனுக்காக இயற்றிய சட்டத்தை ஒடுக்கப்பட்டோர்க்குக் கேடயமாக்க முயன்ற அந்தத் துணிவு, நம் சொல்வரலாற்று நூல்களில் இடம்பெற வேண்டிய ஒன்று.

தமிழில் ‘பகிஷ்காரம்’ என்று முன்பு எழுதினோம். இன்று ‘புறக்கணிப்பு’ என்கிறோம். தேர்தலையும் வகுப்பையும் புறக்கணிக்கிறோம். ஒரு குடும்பத்தை ஊரே ஒதுக்கினால் அது ‘ஊர்விலக்கு’. வலியோரை எதிர்ப்பதற்கு ஒரு சொல், எளியோரை ஒடுக்குவதற்கு வேறொரு சொல் என்று தமிழ் பெரும்பாலும் பிரித்துவைத்திருக்கிறது. ஆங்கிலமும் மராத்தியும் அவ்வாறு பிரிக்கவில்லை. அதனால்தான் மகாராஷ்டிரச் சட்டமன்றம் 2016இல் நிறைவேற்றி, 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம், மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் குற்றத்தைப் பெயரிடும்போது, ‘பஹிஷ்கார்’ என்பதற்கு முன் ‘சாமாஜிக்’ என்னும் அடைமொழியைச் சேர்க்க வேண்டியிருந்தது.