சும்மாவா கும்பிடுகிறான்?

2022 மே 15-ந் தேதி போப் பிரான்சிஸ் நம்ம நட்டாலத்துக்காரரைப் புனிதர் என்று அறிவித்ததை அருமனையில் வீட்டில் இருந்தபடியே டி.வி.யில் பார்த்தேன். மார்த்தாண்டம் போய் பஸ் மாறினால் எட்டிவிடும் ஊர். அந்த ஊர்க்காரருடைய படம் உரோமையில் தொங்குகிறது! கண் கலங்கியது உண்மை. அதன் பிறகு நட்டாலத்துக்குப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். வேலை, விசா, பிள்ளை வரம் என்று ஆளுக்கொரு வேண்டுதல். குறை சொல்லவில்லை. மகளுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று நானும் போனவன்தான்.

ஆனால் அவருடைய வரலாற்றை மறுபடி வாசித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நீலகண்ட பிள்ளை 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர். பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம். 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மா மகாராஜாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அதே மகாராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுக்க அமர்த்தப்பட்டார். இரண்டு பேருக்கும் பழக்கம் உண்டானது. அந்தக் காலத்தில் நீலகண்ட பிள்ளையின் வீட்டில் மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன, விளைச்சலும் கெட்டது. பரிகாரங்கள் செய்தும் தீரவில்லை. முகம் வாடி இருந்தவரிடம் டி லனாய் காரணம் கேட்டார் என்பது நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். எங்கள் கடவுளிடம் வா, மாடு பிழைக்கும் என்று டி லனாய் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னதாக நான் வாசித்த எதிலும் இல்லை. அவர் சொன்னது யோபுவின் கதை. ஆடு, மாடு, ஒட்டகம், பிள்ளைகள், உடம்பின் சுகம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போனவருடைய கதை. அதன் தொடக்கத்திலேயே சாத்தான் கடவுளிடம் ஒரு கேள்வி போடுகிறான்: யோபு உம்மைச் சும்மாவா கும்பிடுகிறான்? கொடுத்ததை எல்லாம் எடுத்துப் பாரும், அப்போது தெரியும் என்று. மாடு போன துக்கத்தில் இருக்கிறவனிடம் சொல்லும் ஆறுதலா இது? ஆனால் நீலகண்ட பிள்ளைக்கு அதுதான் ஆறுதலாக இருந்தது.

1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவான புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். வடக்கன்குளம் திருவிதாங்கூருக்கு வெளியே, திருநெல்வேலிச் சீமையில் இருந்தது. லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியும் ஞானப்பூ ஆனாள்.

யோபுவுக்குக் கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. 7000 ஆடு 14000 ஆனது என்று கணக்கே இருக்கிறது. தேவசகாயத்துக்குக் கிடைத்தது ஒரு எருமை. அதன்மேல் ஏற்றி, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1749-ல் பிடித்தவரை மூன்று வருஷம் அடித்தார்கள், புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். அந்த மூன்று வருஷத்தில் தனக்காக அவர் கேட்டதாகச் சொல்லப்படுவது தண்ணீர்தான். புலியூர்க்குறிச்சியில் முழங்கையால் முட்டிய பாறையில் ஊறியது என்று சொல்லும் தண்ணீரை இன்றைக்கும் ஆட்கள் பாட்டிலில் பிடித்துப் போகிறார்கள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். ஞானப்பூ கணவன் இல்லாமல் வடக்கன்குளத்தில் காலம் கழித்தாள். அவளைப்பற்றி நாம் அதிகம் பேசுவதே இல்லை.

இது ஒரு தனி மனிதருடைய வழி. ஊர் ஊராக ஜனங்கள் வந்தபோது கதை வேறு. 1806-ல் திருவிதாங்கூருக்குள் வந்து மயிலாடியில் ஊழியம் செய்த எல்.எம்.எஸ். மிஷனரி றிங்கல்தௌபே, தன்னிடம் வருகிறவர்களில் ஆத்தும தாகத்தோடு வருகிறவர்கள் சிலரே என்று ஒளிக்காமல் எழுதி வைத்தார். தலைவரி போகும், ஊழியவேலை நிற்கும் என்பதுதான் பலருடைய எதிர்பார்ப்பு. தலை இருப்பதற்கே வரி கட்டினவன் அதை எதிர்பார்த்து வந்தால் அதைச் சுயநலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் யாரையும் விரட்டவில்லை. சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்கே கொடுத்துவிட்டு, 1816-ல் நோயாளியாக, ஏறக்குறைய வெறுங்கையோடு புறப்பட்டார். எங்கே இறந்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டுப் பசுவுக்குச் சீக்கு வந்தது. கோட்டாறு சவேரியார் கோவிலில் தேவசகாயத்தின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவதாக அம்மா நேர்ச்சை வைத்தாள். பசு நாலாம் நாள் செத்துப்போனது. டிசம்பரில் திருவிழா வந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கோட்டாறுக்குப் புறப்பட்டாள். கல்லறைப் பக்கம் போய், முந்தானையில் முடிந்திருந்த காசுக்கு வாங்கின திரியை ஏற்றினாள்.

"பசுதான் செத்துப் போச்சே, பிறகு எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"சும்மாதான் மக்களே" என்றாள். திரும்பும்போது கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கித் தந்தாள்.